ஊர் ரேஷன் கார்டுக்கு பெங்களூரில் அரிசி கிடைக்குமா?

9 மார்ச் 2025, காலை

பெங்களூர் பீன்யாவில் ஃபேப்ரிகேஷன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டது: "கார்டு ஊரில் இருக்கிறது. நானும் மனைவியும் பிள்ளையும் இங்கே. ஊர்க் கார்டை வைத்து பெங்களூரில் அரிசி வாங்க முடியுமா, இல்லை அதை சரண்டர் செய்துவிட்டு இங்கே புதிதாகப் போட வேண்டுமா?"

என் பதில்: எந்த ஊர்க் கார்டானாலும் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்பது இதற்குத்தான். 2019 ஆகஸ்டில் ஆந்திரா-தெலங்கானா, குஜராத்-மகாராஷ்டிரா என்று இரண்டு ஜோடியாக ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. புலம்பெயர்ந்த தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று, ஜூலை 31க்குள் எல்லா மாநிலமும் அமல்படுத்த வேண்டும் என்றது. 2022 ஜூனில் கடைசியாக அசாமும் வந்துவிட்டது. சரண்டர் எல்லாம் வேண்டாம். கடைக்குப் போய் விரலை வையுங்கள்.

9 மார்ச், இரவு

அதை எழுதிவிட்டு எனக்கே சந்தேகம். நான் இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. ஒரு முறையாவது இங்கே ரேஷன் கடை வாசலை மிதித்திருக்கிறேனா? இல்லை. எங்கள் வீட்டுக் கார்டு குடியாத்தத்தில் அம்மாவிடம் இருக்கிறது. ஊருக்குப் போனால் அம்மா இட்லி அரிசி என்று ஐந்து கிலோ மூட்டை கட்டித் தருவார், அதுதான் என் ரேஷன். புத்தகத்தைப் படித்துவிட்டு நீச்சல் சொல்லித் தருகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு அரூர் பக்கம். சனிக்கிழமை அவரோடு ஒரு நடை போய்ப் பார்க்கிறேன்.

15 மார்ச்

போனோம். விவேக் நகரிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு கடைகள். கன்னடத்தில் நியாயபெலெ அங்கடி. நம் அங்காடிதான், ஒரு கால் குறைவு.

முதல் கடையில் கார்டைப் பார்த்ததுமே "தமிழ்நாடா? ஆகல்லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது கடைக்காரர் கொஞ்சம் பொறுமைசாலி. கார்டு எண்ணைத் தட்டினார், அக்கா விரல் வைத்தார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வேறு விரல். ஏற்கவில்லை. தினமும் ஃபினாயில், ஆசிட் என்று கை வைக்கிறவருக்கு ரேகை எங்கே மிச்சம் இருக்கும். ஐந்தாவது முறை இடது கை மோதிர விரல் பிடித்தது. ஒரு பச்சை விளக்குக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம் திரையில் வந்தது: இருப்பு சுழியம்.

ஊரில் மாமியார் ஆறாம் தேதியே மொத்தத்தையும் வாங்கிவிட்டாராம். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கடைக்காரர் ஒரு நல்ல விஷயம் சொன்னார். முழுதாக வாங்க வேண்டியதில்லை, மாதத்தில் யார் எங்கே எவ்வளவு எடுத்தாலும் மீதி கார்டில் நிற்கும். அதாவது அக்கா இங்கே 15 கிலோ எடுத்தால், மாமியாருக்கு அங்கே 10 கிலோ இருக்கும். கார்டில் ஐந்து பேர், தலைக்கு 5 கிலோ, கணக்கு 25.

கூடவே வந்த எங்கள் வாட்ச்மேன் அண்ணன் விஷயம் வேறு. அதற்குத் தனியாக எழுத வேண்டும், இப்போது தலை வலிக்கிறது.

16 மார்ச்

பீன்யாக்காரரே, 9ஆம் தேதி காலை "எந்த ஊர்க் கார்டானாலும்" என்று எழுதினேன். தப்பு. மன்னியுங்கள்.

உங்கள் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ, அதோடு ஏ.ஏ.ஒய். (அந்த்யோதயா, மிக ஏழைக் குடும்பம்) சேர்ந்தோ இருந்தால் பிழைத்தீர்கள். முன்னே ஒரு என் சேர்ந்து என்.பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை இல்லாதது, என்று இருந்தால் அந்தக் கார்டு அத்திப்பள்ளி எல்லை தாண்டியதும் வெறும் அட்டை. வாட்ச்மேன் அண்ணனுடையது அப்படிப்பட்டது. எண்ணைத் தட்டியதும் இயந்திரம் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டது, விரல் வரைக்கும் கூடப் போகவில்லை. "ஊர்ல இதே கார்டுக்கு அரிசி போடறானே சார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

நடந்தது இதுதான். 1997 வரை ரேஷன் நாடு முழுக்க எல்லோருக்கும் பொது. அந்த வருஷம் ஜூனில் வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தார்கள். தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்று நின்றது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் தமிழ்நாடு சேராமல் இழுத்தது. 2016 நவம்பர் 1 அன்று கேரளாவும் தமிழ்நாடும் கடைசியாக உள்ளே வந்தன. சட்டம் சொல்வது, நாட்டு அளவில் ஊரகத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும்தான். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது ஊரகத்தில் 62.55, நகரத்தில் 37.79. மீதிப் பேருக்கும் அரிசியை நிறுத்தாமல் மாநில அரசே தன் செலவில் கொடுக்கிறது. 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி, அது அரிசிக் கார்டு வைத்திருக்கிற யாருக்கும் நிற்கவில்லை.

ஆக தமிழ்நாட்டுக்குள் பி.எச்.எச். ஆளும் என்.பி.எச்.எச். ஆளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒரே அரிசி வாங்குகிறார்கள். எழுத்து வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. மாநில எல்லையைத் தாண்டினால்தான் தெரியும், ஒருவர் அரிசி மத்திய சட்டத்தின் உரிமை, இன்னொருவர் அரிசி சென்னையில் இருக்கும் அரசின் மனசு. ஒரே நாடு ஒரே கார்டு இதில் முதலாவதற்கு மட்டும்.

16 மார்ச், கொஞ்சம் கழித்து

"அப்ப வாட்ச்மேனை பி.எச்.எச்.க்கு மாத்தச் சொல்லுங்க" என்று ஒருவர். எளிது என்று நினைத்துவிட்டார். ஒதுக்கீட்டு எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது, நாடு முழுக்க சுமார் 81 கோடிப் பேர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவில்லை. 2012இல் பிறந்த குழந்தை இப்போது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டது, எண்ணிக்கை அங்கேயே நிற்கிறது. உள்ளே ஒருவர் போக வேண்டுமென்றால் வெளியே ஒருவர் வர வேண்டும். கல்யாண மண்டபப் பந்தி மாதிரி, பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

18 மார்ச்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சரண்டர்.

கர்நாடகாவில் பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) கார்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. எங்கள் கட்டடத்தில் ஏஜென்சி வழியாக அக்காவுக்கு 13,500. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பது தனி. ஈஜிபுராவில் ஒரே அறை, வெளியே குழாய், வாடகை 6,500. அவரை பணக்காரர் என்று சொல்ல ஒரு விதி வேண்டுமென்றால் அது இந்த ஊரில் இருக்கிறது.

இன்னொன்று, இரண்டு மாநிலத்தில் கார்டு வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கார்டைக் கொடுத்தால் மாமியாருக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் போகும். து.பருப்பும் பாமாயிலும் போகும். பொங்கல் கரும்பு போகும், அக்கா அதைத்தான் முதலில் சொன்னார். இங்கே கார்டு கிடைத்தால் கர்நாடக அரசின் கிருஹலட்சுமி திட்டத்தில் இரண்டாயிரம் வரலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி ஆசை காட்டியிருக்கிறார். "வர்றது வரட்டும் சார், இருக்கறத விட்டுட்டு எப்படி" என்றார். விண்ணப்பம் எப்போது திறப்பார்கள் என்பதே தெரியாத ஊரில் அவர் சொல்வதுதான் சரி.

முன்னே எல்லாம் ரேஷன் கார்டு என்றால் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய். இப்போது அதன் மேல் எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அரிசிக்காக ஒரு முடிவெடுக்கப் போனால் பணம், பண்டிகை, ஊர் முகவரி எல்லாம் கூடவே ஆடுகிறது.

19 மார்ச்

திருத்தம். து.பருப்பு என்று எழுதியதை யாரோ 'துவரம் பருப்பு என்று முழுசா எழுதக்கூட சோம்பலா' என்று கேட்டிருக்கிறார். கடைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. போதுமா.

23 மார்ச்

"மாசம் பதிமூணாயிரம் வாங்கறவங்களுக்கு எதுக்கு இலவச அரிசி? வாங்கி வித்துடறாங்க." இப்படி யாராவது எழுதுவார்கள் என்று தெரியும்.

விற்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்து பழைய பேப்பர் மாதிரி எடை போட்டு வாங்கிப் போகிறவர் உண்டு. ஆனால் விற்கிறவர்கள் எல்லாம் தேவையில்லாதவர்களா? அக்காவிடம் கேட்டேன். போன வருஷம் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாமியார் 10 கிலோ விற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சட்டம் அதைத் தப்பு என்கிறது. எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

நானும் ஒரு காலத்தில் இதே கட்சிதான். 2008இல் குடியாத்தத்தில், கார் வைத்திருக்கிற எதிர்வீட்டுக்காரர் ஒரு ரூபாய் அரிசி வாங்கி மாட்டுக்குப் போடுகிறார் என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்போது ஸ்கூட்டர் இருந்தது. எங்கே கோடு போடுவது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணனை இயந்திரம் திருப்பி அனுப்பியதைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன். எதிர்வீட்டு மாடு தின்ற அரிசியைவிட, கோட்டுக்கு அந்தப் பக்கம் தவறி விழுந்தவர் தின்னாத அரிசி பெரிய நஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது. வாக்குவாதம் வேண்டுமென்றால் வாருங்கள்.

24 மார்ச்

வந்துவிட்டார்கள். பதினொரு பேர். சுருக்கமாக ஒன்று மட்டும்: "அரிசி கொடுப்பது ஓட்டுக்காக" என்பவர்களுக்கு. இது கோர்ட்டிலிருந்து வந்த கதை. 2001இல் இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது, ராஜஸ்தானில் வறட்சியில் ஜனங்கள் பட்டினி. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. உயிர் வாழும் உரிமை சொல்லும் 21ஆம் பிரிவில் உணவும் அடக்கம் என்ற வாதம். அந்த வருஷம் நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவில்தான், அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம் என்று சொன்னார்கள். 2013 சட்டத்துக்கு விதை அங்கே விழுந்தது.

அந்த உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் என்னோடு படித்தவர்கள் சத்துணவு சாப்பிட்டே படித்து முடித்துவிட்டார்கள். 1982 ஜூலை 1 எம்.ஜி.ஆர். ஆரம்பித்தது, அதற்கு முன்னால் காமராஜர். சும்மா ஒரு பெருமை, விடுங்கள்.

5 ஏப்ரல்

வெற்றி! ஏப்ரல் 2ஆம் தேதியே மாமியாருக்கு ஃபோன் போட்டு "பத்து கிலோ மட்டும்" என்று சொல்லி வைத்தோம். இன்று காலை இரண்டாவது கடை. மூன்றாவது முறையிலேயே விரல் ஏற்றுக்கொண்டது. 15 கிலோ.

பணம் வாங்கக் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து மத்திய சட்டத்துத் தானியம் இலவசம், 2024 ஜனவரி 1 முதல் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். ஆனாலும் சாக்குக்கு என்று 20 ரூபாய் கேட்டார். கொடுத்தோம். சட்டப் பிரிவு பேச வாயெடுத்தேன், அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்த மாதமும் இங்கேயே வர வேண்டும் அல்லவா.

முன்னால் நின்ற உள்ளூர் அம்மா தலைக்கு 10 கிலோ வாங்கிப் போனார். அன்னபாக்யா என்ற திட்டத்தில் கூடுதல் 5 கிலோ அப்போது கர்நாடக அரசு கொடுத்தது. 2023இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அரிசி விற்பதை நிறுத்தியபோது அதற்குப் பதிலாக கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் 170 ரூபாய் கணக்கில் போட்டார்கள், 2025 பிப்ரவரியிலிருந்து மறுபடி அரிசி. வெளிமாநிலக் கார்டுக்கு அது கிடையாது. நம் பருப்பும் இங்கே வராது. அக்காவுக்கு இரண்டு மாநிலத்திலும் அடித்தட்டு மட்டும்.

6 ஏப்ரல்

அக்கா காலையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். ஊற வைத்த அரிசியில் சில மணிகள் மிதக்கின்றன. "பிளாஸ்டிக் அரிசி சார். பொறுக்கிப் போட்டுட்டேன்."

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். மற்ற அரிசி கண்ணாடி மாதிரி இருக்க, இது சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஓரம் கொஞ்சம் மழுங்கல். செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து பிசைந்து, இடியாப்பம் பிழிவது மாதிரி இயந்திரத்தில் அரிசி வடிவத்துக்குப் பிழிகிறார்கள். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்பது கணக்கு. அக்கா பொறுக்கிப் போட்டது அந்தச் சத்தைத்தான். நாலைந்து மணியை அடுப்பில் வேக வைத்துக் காட்டினேன், குழைந்தது. பாதி நம்பினார்.

இதில் எனக்கும் ஒரு நெருடல் உண்டு. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும் என்று பையில் அச்சிட வேண்டும் என 2018 விதியில் இருந்தது, பிறகு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இருந்தபோது மட்டும் என்ன? சாக்கிலிருந்து தராசில் கொட்டி, நம் பையில் போடுகிறார்கள். யார் எதைப் படிப்பது? ரத்தசோகைக்கு மருந்து என்றால் இது மருந்து என்று ஒருவராவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம்.

6 ஏப்ரல், மதியம்

கிடைத்தது பச்சரிசி என்பதைச் சொல்ல மறந்தேன். அவருக்குப் புழுங்கல்தான் வேண்டும். இட்லி ஊற்றிப் பார்த்து, "கல்லு சார், பல்லு போயிடும்" என்றார். சட்டத்தில் 5 கிலோ தானியம் என்று மட்டும்தான் இருக்கிறது, வாய்க்குப் பிடித்தது என்று இல்லை.

அவர் ஊர் தருமபுரி மாவட்டம். அங்கே 2023 மே மாதத்திலிருந்து, கேட்டால் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தருகிறார்கள், நீலகிரியிலும். ராகிக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் அரூர் கேழ்வரகுக்கு ஏங்குகிறார்.

20 ஏப்ரல்

பீன்யாக்காரர் எழுதியிருக்கிறார். அவர் கார்டு என்.பி.எச்.எச். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் கஷ்டமாக இருந்தது. "அப்ப எனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையா?" என்கிறார்.

இருக்கிறது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அதே 2013 சட்டத்தில் கார்டு கேட்காத பகுதி ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை அங்கன்வாடியில் உணவு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைகளுக்கு அங்கன்வாடி. அரசுப் பள்ளியில், அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு. இதற்கெல்லாம் பி.எச்.எச்.சா, எந்த மாநிலம் என்று யாரும் கேட்கக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு மூன்று வயது என்றீர்களே, பக்கத்து அங்கன்வாடியில் போய்ப் பெயர் எழுதுங்கள். ஆதார் இல்லை, முகவரி இல்லை என்று இழுத்தால் விடாதீர்கள்.

இந்திரா கேன்டீனும் கார்டு கேட்காது. 2017 ஆகஸ்டில் திறந்தது, நம் அம்மா உணவகத்தைப் பார்த்து வந்த யோசனை. காலையில் 5 ரூபாய், மதியமும் இரவும் 10 என்று ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் கேன்டீனில் நான் அடிக்கடி சாப்பிடுவேன், ரவா கிச்சடி மோசமில்லை. புளியோதரையைப் பற்றிப் பேச வேண்டாம்.

பேறுகால உதவித் தொகையைப் பற்றி ஒருவர் கேட்டார். சட்டத்தில் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறது. 2017இல் வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்குக் கொடுப்பது 5,000. மிச்ச ஆயிரத்துக்கு வேறு திட்டத்தைக் காட்டுகிறார்கள். கடமை தவறும் அரசு ஊழியருக்கு அதே சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 5,000.

8 ஜூன்

பள்ளி திறந்தாயிற்று. அக்கா பையனை ஊரிலிருந்து கூட்டி வந்து இங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். கன்னடம் தெரியாது, முதல் நாள் அழுகை. மூன்றாம் நாள் மதிய உணவு வரிசையில் நண்பன் கிடைத்துவிட்டான். முட்டையா, வாழைப்பழமா என்று கேட்பார்களாம். முதல் நாள் "முட்டே" என்று மட்டும் சொல்லத் தெரிந்திருக்கிறது. கன்னடத்தில் மொட்டெ. புரிந்துகொண்டு கொடுத்துவிட்டார்கள். இங்கே முட்டை போடலாமா கூடாதா என்று மடாதிபதிகள் வரைக்கும் சண்டை நடந்தது, 2021இல். அந்தச் சண்டையில் யாராவது அவனைக் கேட்டிருக்கலாம்.

ஊரில் காலைச் சிற்றுண்டி இருந்தது, இங்கே பால்தான். அதை மட்டும் குறை சொல்கிறான். காலையில் வெண்பொங்கல் போடுகிற பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறான், பாவம்.

9 ஜூன்

"கார்டில் பையன் பெயரை இங்கே மாத்தணுமா?" வேண்டாம்! அப்படியே இருக்கட்டும். ஆனால் கார்டில் உள்ள எல்லோரும் ஈ-கேஒய்சி, அதாவது விரல் வைத்து ஆதாரைச் சரிபார்ப்பது, முடித்திருக்க வேண்டும். அதற்காக ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள், இருக்கிற இடத்துக் கடையிலேயே விரல் வைக்கலாம். சந்தேகம் என்றால் 14445 எண்ணுக்கு அடியுங்கள்.

5 ஜூலை

வாட்ச்மேன் அண்ணன் திருவண்ணாமலைக்குப் போய் கார்டு வகையை மாற்ற மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரசீது ஒன்று கொடுத்தார்களாம், அதை பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார். போக வர பஸ்ஸுக்கும் லீவு போட்ட சம்பளத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு மாத அரிசிக் காசு.

அக்கா வீட்டில் இப்போது ஒரு காலண்டர் தொங்குகிறது. ஒன்று முதல் ஐந்து தேதி வரை சிவப்புப் பேனாவில் வட்டம், அது இவருடையது. அதற்குப் பின் மாமியாருடையது. இந்த மாதம் பையனும் இங்கே வந்துவிட்டதால் 20 எடுக்கிறேன் என்று இவர் சொல்ல, ஃபோனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கிழவி கேட்டாராம்: "அவன் என்ன மாசம் அஞ்சு கிலோவா திங்கறான்?"

18க்குத் தீர்ந்தது.